மஞ்சள் முடிச்சு

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் வேலை. படிவத்தில் வலிக்கு ஒரு கட்டம், தூக்கத்துக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று. கடைசியில் ‘ஆன்மிகத் தேவை’. வெகுநாள் அதில் மதத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

*

“யாருக்கு என்ன பாவம் செஞ்சேன் தாயி?” கர்ப்பப்பைப் புற்று வந்த கிழவி கேட்டார்.

“அப்படியெல்லாம் நெனைக்காதீங்க ஆத்தா.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ‘ஆறுதல் கூறப்பட்டது’ என்று எழுதினேன்.

*

அப்படி எழுதியபின் சிசிலி சாண்டர்ஸ் நினைவுக்கு வந்தார். மருத்துவர் ஆவதற்கு முன் அவர் லண்டனில் மருத்துவமனைச் சமூகப் பணியாளர். வார்சாவிலிருந்து வந்த யூதர் டேவிட் டாஸ்மா அங்கே புற்றுநோயில் கிடந்தார். ஆறுதலாக ஏதாவது சொல் என்றார். சாண்டர்ஸ் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தைச் சொன்னார். இன்னும் வாசிக்கட்டுமா என்றதற்கு, வேண்டாம், உன் மனதில் இருப்பதை மட்டும் சொல் என்றாராம். 1948-ல் இறந்தபோது 500 பவுண்ட் விட்டுப்போனார், சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலுக்காக. அந்த இல்லம், புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ், திறக்க 1967 ஆயிற்று. உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் பின்னிக் கிடப்பதை ‘முழு வலி’ என்று பெயரிட்டவர் சாண்டர்ஸ்தான். ஆழ்ந்த கிறிஸ்தவர். அப்படிப்பட்டவரிடமே ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே, எனக்கு அதுதான் பெரிது.

*

அடுத்த முறை அந்தக் கிழவியின் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஏதோ சீரியல். சும்மா உட்காருவது எனக்குக் கஷ்டம். கை பேனாவைத் தேடும்.

வெகுநேரம் கழித்துத் தலையணைக்கடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சொன்றை எடுத்தார். உள்ளே ஒற்றை ரூபாய். சின்ன வயதில் மகன் காய்ச்சலில் கிடந்தபோது குலசாமிக்கு முடிந்து வைத்தது. பிள்ளை பிழைத்தான். கோயிலுக்குப் போகத்தான் வாய்க்கவில்லை.

“சாமி மறக்குமா?”

சாமி தண்டிக்காது என்று நாக்கு நுனிவரை வந்தது. அது என் சாமி. எனக்கு அப்படியொன்று இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

“யாரு கொண்டுபோய்ச் சேத்தா உங்களுக்குச் சம்மதம்?”

“அவனே போகட்டும். அவன் உசுருக்குத்தானே முடிஞ்சேன்.”

*

மகன் வெள்ளிக்கிழமை போய் வந்தார். திருநீற்றைத் தாயின் நெற்றியில் பூசினார். மார்ஃபின் அளவு குறையவில்லை. பாவம் பற்றிய கேள்வி மறுபடி வரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.