ஜான் ஸ்டாட்டின் நரகம்

சுவிசேஷ சபைகளின் விசுவாச அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வேதமே அதிகாரம், மனிதன் பாவி, விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு. கடைசியில் சத்தமில்லாமல் ஒரு வரி வரும்: நம்பாதவர்களுக்கு நித்திய தண்டனை.

அந்த வரியில் தடுக்கி நின்றவர், 1974இன் லோசான் உடன்படிக்கையை வரைந்த குழுவின் தலைவர், லண்டன் போதகர் ஜான் ஸ்டாட். டேவிட் எட்வர்ட்ஸோடு சேர்ந்து 1988இல் வெளியிட்ட நூலில், முடிவில்லாத வேதனை என்பதைத் தன் மனசு தாங்கவில்லை என்றார். உடனே, மனசு தீர்ப்பு சொல்ல முடியாது, வேதம் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி என்று வசனங்களுக்குத் திரும்பினார். நெருப்பின் வேலை எரித்து முடிப்பதுதானே? ஒரு ஆயுசுக்குள் செய்த பாவத்துக்கு முடிவே இல்லாத வேதனை என்ன நியாயம்? துன்மார்க்கர் கடைசியில் இல்லாமலே போவார்கள் என்ற வாசிப்பைத் தயங்கித் தயங்கி முன்வைத்தார்.

இந்தப் பக்கம் சாய்கிறவர்களிடம் இருப்பது உலகத்தனமான மனநெகிழ்ச்சி என்றார் ஜே. ஐ. பேக்கர்.

வேதம்தான் நீதிபதி, சரி. வழக்குப் போட்டது யார்? மனசு உறுத்தாமல் இருந்திருந்தால் ஸ்டாட் அந்த வசனங்களை இன்னொரு தடவை புரட்டியிருப்பாரா? பேக்கரின் பயமும் சும்மா இல்லை: இன்றைக்கு நரகத்தைக் கேட்கிற மனசு நாளைக்குச் சிலுவையையும் கேட்கும். ஆனால் கிறிஸ்து நமக்குப் பதிலாக மரித்தார் என்பதை விட்டுக்கொடுக்காமல் 1986இல் சிலுவையைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவரும் இதே ஸ்டாட்தான்.