பந்தியில் ஓர் இடம்

பெத்தானியாவில் நடந்த விருந்தொன்றில் ஒரு கேள்வி எழுந்தது. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசினார். அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டான் யூதாசு. ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. அப்படியானால் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு ஒரே வேளையில் கரைந்துபோயிற்று. கேட்டவனுடைய உள்ளம் தூயதன்று என்பதை யோவான் நற்செய்தியே கூறுகிறது. ஆயினும் கேட்டவன் கெட்டவன் என்பதால் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பக்கத்துத் தெருவில் அடுப்பெரியாத வீடு இருக்கையில், நாம் திருவிழா விருந்து உண்பது முறைதானா?

நம் ஆண்டு, வழிபாட்டால் மட்டுமன்றி உணவாலும் அளக்கப்படுகிறது. தைத் திங்களில் ஆலய முற்றத்தில் பானை பொங்குகிறது. தவக்காலத்தில் புலால் விலகுகிறது. பெரிய வெள்ளியன்று பல பங்குகளில் கஞ்சி வழங்குகிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவன்று வீடுகளில் மீண்டும் கறிக்குழம்பு மணக்கிறது. தென்மாவட்டங்களில் பாதுகாவலர் திருவிழாவை ஒட்டி அசனம் நடக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அதிரசமும் முறுக்கும். நாஞ்சில் நாட்டு வீடுகளில் முந்திரிக்கொத்தும் சேர்ந்துகொள்ளும். பசிக்குப் பின் விருந்து, விருந்துக்குப் பின் எளிமை என்று ஓர் ஒழுங்கு இதில் அமைந்திருக்கிறது.

நம் முன்னோர் இந்த ஒழுங்குக்கு இரண்டு சொற்களை வைத்திருந்தனர். ஒருவேளை மட்டுமே நிறைவாக உண்பது ஒருசந்தி. புலால் தவிர்ப்பது சுத்தபோசனம். 1966ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் இவ்விதிகளைத் தளர்த்தினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, இவ்விரண்டும் சேர்ந்து கடமையாகும் நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. சட்டம் சுருங்கியதில் குறையில்லை. எஞ்சியதை நம் மனச்சான்றிடம் திருச்சபை ஒப்படைத்தது. ஆனால் மனச்சான்று எளிதில் சாக்குக் கண்டுபிடிக்கும். ஆட்டுக்கறியை விலக்கிய வெள்ளிக்கிழமையில், அதற்கு ஈடான விலைக்கு வஞ்சிர மீன் வாங்கி வறுத்தால் சட்டம் காக்கப்படுகிறது, தவம் காக்கப்படுவதில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருத்தந்தை பெரிய லியோ, நோன்பையும் ஈகையையும் பிரிக்கவே இல்லை. நாம் உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாக வேண்டும் என்பது அவருடைய போதனை. இதில் யூதாசின் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. தவக்காலத்தில் ஒடுக்கிய வயிறு பிறருடைய கலத்தை நிரப்பியிருக்குமானால், உயிர்ப்பு நாளின் விருந்து வீண் ஆகாது. நோன்பே இல்லாத வீட்டில் எல்லா நாளும் விருந்துதான். ஆகையால் எந்த நாளும் விருந்தாவதில்லை.

மறுபாதி விடையை அசனம் தருகிறது. இறைமக்கள் நேர்ச்சையாகக் கொண்டுவரும் அரிசியும் ஆடும் காய்கறியும் பொது அடுப்பில் வேகின்றன. மந்திரிக்கப்பட்ட உணவை எல்லாரும் உண்கின்றனர். ஆட்டைக் கொடுத்தவருக்கும் வெறுங்கையோடு வந்தவருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. இங்கே கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு அகப்பையோடு மறைந்துவிடுகிறது. வாசலில் நின்று பொட்டலம் நீட்டுவதும் நல்ல செயலே. ஆனால் பொட்டலம் பெற்றவர் போய்விடுகிறார். பந்தியில் அமர்ந்தவர் நம்மருகில் இருக்கிறார். விருந்து அளிக்கும்போது திரும்ப அழைக்க இயலாத ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைக்கச் சொன்ன ஆண்டவர், அவர்களுக்கு உணவு அனுப்பிவிடும்படி சொல்லவில்லை.

இங்கேதான் நம் பந்திகள் சோதிக்கப்படுகின்றன. கொரிந்து நகரில் சிலர் பசித்திருக்க, வேறு சிலர் வெறித்திருந்தனர். அப்படிக் கூடுவது ஆண்டவரின் விருந்தாகாது என்று புனித பவுல் கடிந்துகொண்டார். நம் நாட்டில் பிரிவினை சாதியின் உருவில் கோவிலுக்குள்ளேயே வந்தது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கும் அது தோற்றது. கற்சுவரை ஒரு தீர்ப்பு தீர்த்துவைக்கலாம். கிறிஸ்து பிறப்புப் பலகாரத் தட்டு எந்தத் தெருவரை போகிறது, எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது என்பதை எந்த நீதிமன்றமும் கேட்காது. ஒரு வீட்டிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, அதிலுள்ளதை உண்ணாமல் வைத்துவிடும் வழக்கத்தையும் கேட்காது. நம் மனச்சான்றுதான் கேட்க வேண்டும்.

விருந்துகளை நிறுத்திவிட்டு அப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று நேர்மையோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களை மதிக்கிறேன், ஆயினும் முழுமையாக உடன்பட இயலவில்லை. ஏழைக்குத் தேவை அரிசி மட்டும் என்று நினைப்பதே அவனைச் சிறுமைப்படுத்துவதாகும். அவனுக்கும் திருவிழா வேண்டும். பிள்ளையின் புதுநன்மை விருந்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கும் தகப்பனை ஊதாரி என்று ஏசுவது எளிது. நாலு பேர்முன் தலைகுனியாதிருக்க அவன் கொடுக்கும் விலை அது. அந்த விலையை ஏற்றிவைத்தவர்கள் யார்? மண்டபமும் பத்து வகைக் கறியுமாக நாம் நடத்திய விருந்துகளே அல்லவா? வசதியுள்ளவர் தம் விருந்தை எளிமையாக்கினால், வசதியற்றவர் கடன் வாங்க வேண்டியிராது.

நெகேமியா நூலில், திருச்சட்டம் வாசிக்கக் கேட்டு மக்கள் அழுதபோது, அழ வேண்டாம், சென்று கொழுமையானதை உண்ணுங்கள், ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லப்படுகிறது. மகிழ்வதற்கும் பகிர்வதற்கும் கட்டளை ஒன்றே. ஆகவே விருந்து முறையா என்ற கேள்வியை ஒவ்வொரு திருநாளின்போதும் நாம் இப்படி மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம்: இந்த விருந்துக்கு முன் நான் எதைத் துறந்தேன்? இந்தப் பந்தியில் யாருக்கு இடம் இல்லை? வருகிற திருவிழாவுக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதும்போது, இதுவரை எழுதாத ஒரு வீட்டின் பெயரை முதலில் எழுதுவோம். அவர்கள் அழைத்தால், அவர்கள் வீட்டிலும் சென்று உண்போம்.