மாவளி எந்தச் சாமிக்கு?

போன கார்த்திகையன்று திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாவளி சுற்றிக்கொண்டிருந்தேன். பொறி மழையாகக் கொட்டியது. சுவரோரம் ஒதுங்கி நின்ற பேத்தி கேட்டாள்: "தாத்தா, இது எந்தச் சாமிக்கு?" சிவனுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

நான் விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். எங்கள் தெருவுக்கே மாவளி கட்டித் தந்தவர் பனையேறும் பெரியவர் ஒருவர். ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைக் குழியில் போட்டுக் கொளுத்தி, தணலானதும் மண் தள்ளி மூடிவிடுவார். மறுநாள் அந்தக் கரியை எடுத்து மாவாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் திணித்து, சுருட்டி இறுக்கிக் கட்டுவார். பிளந்த பனைமட்டைக்குள் அதைச் செருகி, கயிறு மாட்டி, முனையில் நெருப்பு வைத்துக் கொடுப்பார். "மாவளியோ மாவளி" என்று கத்திக்கொண்டு ஏரிக்கரை முழுக்க ஓடுவோம். அந்த வேலைக்கு அவர் மந்திரமோ பூசையோ செய்து நான் பார்த்ததில்லை. மட்டையைத் தொடுமுன் கை கால் கழுவிக்கொள்வார், அவ்வளவுதான்.

நான் சிவபக்தன். செஞ்சி வழியாகப் போனால் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சுமார் 70 கிலோமீட்டர். 2,668 அடி உயர மலையின் உச்சியில் மாலை ஆறு மணிக்குத் தீபம் தெரியும்போது இன்றும் கண் கலங்கும். அடிமுடி காணாத சோதியாக இறைவன் நின்ற கதையை நம்புகிறேன். ஆனால் அகநானூற்றின் 141ஆம் பாட்டு வேறொன்றையும் காட்டுகிறது. மழை ஓய்ந்துவிட்டது, ஏர்கள் உறங்குகின்றன, முழுநிலவு அறுமீனான கார்த்திகையைச் சேர்கிறது, தெருவெல்லாம் விளக்கு. நக்கீரர் வருணிக்கும் அந்த விழாவில் எந்தக் கடவுளின் பெயரும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் பூம்பாவை என்ற பெண்ணை அழைத்துச் சம்பந்தர் பாடும்போது கார்த்திகை விளக்கீடு சிவன் கோயில் விழாவாக இருக்கிறது. பெருமாள் கோயில்களிலும் கார்த்திகையில் தீபம் ஏற்றிச் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். விளக்கு முந்தியது, கதைகள் அதைத் தேடி வந்து சேர்ந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் கிறிஸ்தவர். கார்த்திகை முடியும் முன்பே அவர் வாசலில் நட்சத்திரம் தொங்கும். டிசம்பர் 25 என்ற தேதி பைபிளில் எங்கும் இல்லை, ரோமாபுரியில் நான்காம் நூற்றாண்டில்தான் அந்த நாளில் கொண்டாடியதற்குச் சான்று கிடைக்கிறது என்று அவரே எனக்குச் சொன்னார். அவர்களுக்குக் கதை முன்னால், நாள் பின்னால். எங்களுக்கு நாள் முன்னால், கதை பின்னால். இதனால் அவருடைய செபமும் குறையவில்லை, என் கண்ணீரும் பொய்யாகவில்லை.

அப்படியானால் புனிதம் எங்கே இருக்கிறது? மாவளி என்ற பெயரிலேயே ஒரு பதில் இருப்பதாக நினைக்கிறேன். அந்தப் பெயர் நினைவூட்டும் மாவலி மன்னன் முற்பிறப்பில் எலியாம். திருமறைக்காட்டுக் கோயிலில் நெய் தின்ன வந்த எலியின் மூக்கைச் சுடர் சுட்டது. வெடுக்கென்று அது தலையை இழுத்ததில் அணையப் போன திரி தூண்டப்பட்டு நின்று எரிந்தது. அதற்கே சிவன் மூவுலகாளும் பிறவியைக் கொடுத்தார் என்று அப்பர் பாடியிருக்கிறார். அந்த எலிக்குக் கோயிலின் தலபுராணம் தெரியாது, பக்திகூடக் கிடையாது. விளக்கு அணையாமல் நின்றது, அது போதுமானதாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் கை கால் கழுவிக்கொண்டு மாவளி கட்டியதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேத்திக்கு எலிக் கதையைத்தான் சொன்னேன். கேட்டு முடித்ததும் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வரும் கார்த்திகைக்கும் மாவளி கட்ட ஆண் பனையின் பூ வேண்டும். காய்க்காத மரம் என்று சூளைக்கு முதலில் வெட்டிக் கொடுப்பது அதைத்தான். உங்கள் ஏரிக்கரையில் ஒன்று நின்றால் விட்டுவையுங்கள்.