இயல்பு என்ற சொல்
அடிக்கடி நினைவிழந்து விழும் தம்பியின் மூளை மின்னலைப் பதிவு 'இயல்பு' என்று வந்ததும், 'நடிக்கிறான்' என்று முதலில் சொன்னவன் நான். அரைமணிப் பதிவு அந்த அரைமணிக்கு மட்டுமே சாட்சி. வலிப்பு நோயாளிக்கும் இடைப்பட்ட நேரத்தில் அலைகள் இயல்பாக இருக்கக்கூடும். இது பின்னால் படித்தது.

1924இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் மனித மூளையலையை முதன்முதலாகப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கருக்கும் ஆசை பெரிதுதான். இளவயதில் தான் குதிரையிலிருந்து விழுந்த ஆபத்தை, தூரத்திலிருந்த சகோதரி எப்படி உணர்ந்தாள் என்று அறிய விரும்பினார். கிடைத்ததோ, கண்ணை மூடினால் எழுந்து திறந்தால் அடங்கும், நொடிக்குச் சுமார் பத்துத் துடிப்புள்ள ஓர் அலை. எண்ணம் அகப்படவில்லை. (இமைத்தால்கூடத் தாளில் பெரிய அலை விழும், அதைக் கழித்து வாசிக்கத் தெரியவேண்டும்.)

பாங்கில் தினமும் கையெழுத்தை மாதிரியோடு ஒப்பிடுகிறேன். போட்டவன் மனசைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில்லை. தம்பி விஷயத்தில் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தான்.