பிறர் கையிலுள்ள காப்பு

மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழும் உழவர் ஒருவர் வரிப்பத்தான்சேனையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, நோயெதிர்ப்பு ஆற்றலையும் அடக்கிவிடுகிறது. 2021இல் அமெரிக்காவில் உறுப்புமாற்றம் பெற்ற 658 பேரை ஆராய்ந்தனர். இரண்டு கொரோனாத் தடுப்பூசிகளுக்குப் பின்னும் 54 சதவீதத்தினரிடமே எதிர்ப்புப் பொருள் தென்பட்டது. மூன்றாவது ஊசியும் எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை.

ஆகவே அவருடைய காப்பில் ஒரு பங்கு பிறரிடம் இருக்கிறது. ஒரே சஹனில் உண்பவரும், பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்பவரும் ஏற்றிக்கொள்ளும் ஊசி தொற்றை முற்றாகத் தடுக்காது, குறைக்கும். என் உடல் எனக்கே உரியது என்னும் வாதம் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அண்டை வீட்டார் தயங்கினால்? 2020 ஏப்ரலில் ஜனாஸாக்களை எரிக்குமாறு வர்த்தமானி கட்டளையிட்டது. அடக்கம் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் கூறியும் 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. இருபது நாட்குழந்தையொன்றும் (பெற்றோர் இசையாமலே) எரிக்கப்பட்டது. அதே அரசின் கை ஊசியை நீட்டுகையில் அஞ்சுபவனை அறிவிலி என ஏசுபவர், யாருடைய குற்றத்தை யார்மீது ஏற்றுகிறார்? எனினும் அரசின் குற்றம் அயலான்மீதுள்ள கடனை அழித்துவிடாது; அந்த உழவர் யாரையும் எரிக்கவில்லை. எரித்த அரசோ 2024 ஜூலையில்தான், அமைச்சரவைத் தீர்மானமாக, மன்னிப்புக் கோரியது.