தண்ணீரைக் கண்ட பின் தயம்மும் உண்டா?

இக்கட்டுரை, நான் அவசரத்தில் சொன்ன தவறான விடையொன்றைத் திருத்திக்கொள்ள எழுதப்படுவதாகும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் ஒரு நாள் ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்தார். வலக்கையில் கட்டுப் போட்டிருந்தார். இயந்திரத்தில் கை சிக்கி இரண்டு மாதமாகிவிட்டதாம்.

"ஹஜ்ரத், இ.எஸ்.ஐ.யில பணம் வருது. சாயங்காலம் மச்சான் கடையில உட்கார்ந்து இடக்கையால கணக்கு எழுதுறேன். தினம் 200 ரூபாய் கொடுக்கிறார். இது ஹலால்தானே?" என்று வினவினார்.

"கணக்கு எழுதுவது பெரிய வேலையா தம்பி? பரவாயில்லை" என்று கூறிவிட்டு நான் புறப்பட்டுவிட்டேன். அன்றிரவு மாணவர்களுக்குத் தயம்மும் பாடம் நடத்தும்போதுதான் என் விடை என்னையே குத்தியது. தண்ணீரைக் கண்டதும் தயம்மும் முறிந்துவிடுகிறது. உட்கார்ந்து தொழும் நோயாளிக்குத் தொழுகையின் நடுவே நிற்கும் சக்தி வந்துவிட்டால், எழுந்து நின்றுதான் மீதியைத் தொழவேண்டும். தடங்கலின் காரணமாக ஆகுமானது, தடங்கல் நீங்கியதும் ஆகாததாகிவிடும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. மறுநாளே இ.எஸ்.ஐ. திட்டத்தின் நிபந்தனைகளை விசாரித்து அறிந்தேன்.

1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தில் பிறந்த திட்டம் இது. வேலையில் காயம்பட்டுத் தற்காலிகமாக முடங்கியவருக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். ஆனால் அச்சட்டத்தின் 63-ஆம் பிரிவு ஒரு நிபந்தனை இட்டது: எந்த நாளில் அவர் வேலை செய்கிறாரோ, அந்த நாளுக்கு இந்த உதவித்தொகை இல்லை. பணம் கோரும் படிவத்தில் கையெழுத்திடுபவர், அந்நாட்களில் தாம் வேலை செய்யவில்லை என்று உறுதி கூறியே பணத்தைப் பெறுகிறார். எனவே கேள்வி கணக்கு எழுதுவது பற்றியதன்று. நம் கையெழுத்து மெய்யா பொய்யா என்பது பற்றியது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையுடன்தான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது.

இதற்குச் சில சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. "என் சம்பளத்தில் பிடித்த பணம்தானே!" என்பது முதலாவது. 2019 ஜூலை முதல் நூறு ரூபாய்க்குத் தொழிலாளி 75 காசும் முதலாளி மூன்றேகால் ரூபாயும் செலுத்துவது என்று விகிதம் குறைக்கப்பட்டது. அக்கணக்கில் 15,000 ரூபாய் சம்பளக்காரர் மாதம் ஏறத்தாழ 113 ரூபாய் செலுத்துகிறார். முடங்கிவிட்டால் மாதம் 13,500 ரூபாய் பெறுகிறார். மிகுதி யாருடையது? அடிபடாமலேயே ஆண்டுக்கணக்கில் செலுத்திய ஆயிரமாயிரம் தொழிலாளிகளின் பங்கும் அதில் உண்டு. இது பொதுச் சொத்து. கைபரிலிருந்து திரும்பும் வழியில் அம்பு பட்டு இறந்த ஒருவரைச் சொர்க்கவாசி என்று மக்கள் வாழ்த்தியபோது, பங்கிடப்படுமுன் அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். செருப்பு வாருக்கே இந்த அச்சம் என்றால் நாம் எம்மாத்திரம்?

"என் கை இன்னும் ஆறவில்லையே, தண்ணீரே கிடைக்கவில்லையே, கொஞ்சம் ஈரம்தானே கிடைத்தது?" என்பது இரண்டாவது. இது நியாயமான கேள்வி. உறுப்புகளில் சிலவற்றிற்கு மட்டும் போதுமான தண்ணீர் கிடைத்தால், ஷாஃபிஈ மத்ஹபில் அதைப் பயன்படுத்திவிட்டு மீதிக்குத் தயம்மும் செய்யவேண்டும். இதற்கு ஒப்பான ஏற்பாடு அத்திட்டத்திலேயே இருக்கிறது. அதுவே நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை. சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று மருத்துவக் குழு முடிவு செய்கிறது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. போன திறனுக்கு உதவித்தொகை. எஞ்சிய திறனுக்கு உழைப்பு. ஆகவே நிரந்தர ஊனத்தொகை பெறுபவர் வேலைக்குப் போவதும் சம்பளம் வாங்குவதும் முழுக்க ஹலால். நொண்டி நடந்து வேலைக்குப் போகும் சகோதரரைப் பார்த்து, "ரெண்டு பக்கமும் வாங்குறான்" என்று டீக்கடையில் பேசுவோர் புறம் பேசிய பாவத்தையே சுமக்கிறார்கள்.

தற்காலிக முடக்கத்திலோ முழு நாளுக்கு முழுத் தொகை. வேலை செய்த நாளுக்கு ஒன்றுமில்லை. இதிலும் பாதி வேலைக்குப் பாதித் தொகை என்றிருந்தால் நல்லதே. அப்படிக் கேட்டு மனுச் செய்யலாம், சங்கத்தின் மூலம் போராடலாம். ஆனால் இல்லாத சலுகையை நாமே எடுத்துக்கொண்டு, மெய்யென்று கையெழுத்திட முடியாது.

"முதலாளிகள் ஏமாற்றவில்லையா?" என்பது மூன்றாவது. பிடித்த சந்தாவைக் கட்டாமல் விழுங்குபவனும், வடநாட்டிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியைப் பதிவே செய்யாமல் வைத்து, கை போனபின் ரயிலேற்றி அனுப்புபவனும் நம்மைவிடப் பெரிய குற்றவாளிகள்தாம். ஆனால் அவர்களின் பாவம் நமக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

இனி, வாங்கியதை என்ன செய்வது? பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடலாமா? கூடாது. உரியவர் யாரென்று தெரியாத பணத்துக்கே அந்த வழி. இங்கே உரியவருக்கு முகவரி இருக்கிறது. கிளை அலுவலகமும் இருக்கிறது. வேலை செய்த நாட்களை அங்கே சொல்லி, அந்நாட்களுக்கான தொகையைத் திருப்பிச் செலுத்துவதே தவ்பா. இனிமேல் ஒன்று, கடைக்குப் போகாதிருக்க வேண்டும். அல்லது போன நாளை மறைக்காது கூறி அந்நாளின் தொகையை விட்டுவிடவேண்டும்.

அந்தச் சகோதரரைத் தேடிப் போய் இவற்றைக் கூறி, என் தவறுக்கு மன்னிப்பும் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்தப் பத்து விழுக்காடு குறையுது ஹஜ்ரத். வாடகை குறையலையே. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆகிற செலவு வேற. யாரிடம் கேட்பேன்?" என்றார்.

இதற்கு என்னிடம் கிதாபில் விடை இருந்தது, மஹல்லாவில் இல்லை. சோதனைக்குள்ளானவர், வாழ்க்கைக்குப் போதுமானதை அடையும்வரை கேட்பது ஆகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கபீஸா (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். கேட்பது அவருக்கு ஆகும் என்றால், கொடுப்பது யார் பொறுப்பு? கந்தூரிக்கும் மினாராவுக்கு விளக்குப் போடவும் வசூலிக்கும் நாம், கை நசுங்கிய ஒருவரின் குறைந்த 1,500 ரூபாயை விசாரித்தோமா? அவர் பொய்க் கையெழுத்திட்டதில் நம் பங்கும் இருக்கிறது. மறுமையில் அவருடைய கை மட்டும் விசாரிக்கப்படுமா, மூடிக்கிடந்த நம் கைகளும் விசாரிக்கப்படுமா?

அவருடைய இரண்டு மாதக் குறையை ஈடுசெய்ய ஜமாஅத்தார் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திருப்பிச் செலுத்தவேண்டியதைச் சிறுகச் சிறுகக் கட்டுவதாக அவரும் கூறியிருக்கிறார்.

அல்லாஹ் நம் உணவை ஹலாலாக்கி, நம் கையெழுத்தை மெய்யாக்கி, பிறர் துயர் அறியும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.