மக்கிய எருவும் பிறவித் தூய்மையும்

பச்சைச் சாணத்தை வயலில் கொட்டினால் நிலம் எப்படியோ தாங்கிக்கொள்ளும். மாடித் தொட்டியில் அதையே கலந்தால் கத்தரி நாற்று பிழைப்பது கடினம். சாணம் சிதையும்போது சூடு எழுகிறது, அம்மோனியா வெளிவருகிறது, மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்கின்றன. வயலில் வேருக்கு விலகிப்போக இடமுண்டு. ஓரடி ஆழப் பையில் அது எங்கே போகும்? வேர் நுனி கருகி, இலை மஞ்சளித்துச் செடி சாய்ந்துவிடும். கோழி எச்சத்தில் ஆபத்து இன்னும் அதிகம். மாட்டுத் தொழு எருவில் தழைச்சத்து சுமார் 0.5 விழுக்காடுதான், கோழி எருவில் அது பல மடங்கு.

அதே சாணம் வைக்கோலோடும் சருகோடும் குவியலில் கிடந்து மக்கட்டும். குவியலின் நடுவில் வெப்பம் 55 டிகிரி செல்சியசைத் தாண்டும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் மடிகின்றன. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் இதைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கின்றன. பச்சை எருவை இட்டால், மண்ணைத் தொடும் காய்கறியை 120 நாள் கழித்தே பறிக்கலாம். திறந்த குவியலில் மக்கவைப்பதென்றால் குறைந்தது 15 நாள் அந்த வெப்பம் நீடிக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது கிளறிவிட வேண்டும். பிறகு சூடு மெல்லத் தணியும், நாற்றம் போகும், முதல் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். தோட்டக்காரர்கள் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பது இதற்காகத்தான். உதிர்ந்து, கறுத்து, மண்வாசம் அடித்தால் எரு தயார். செம்மண்ணோடும் தென்னை நார்க்கழிவோடும் கலந்து பையை நிரப்பலாம். அதில் விளைந்த கீரையை ஆய்ந்து குழந்தைக்குக் கடைந்து கொடுக்கலாம்.

சமயங்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டிய ஒரு கேள்வி இந்தக் குவியலுக்குள் இருக்கிறது. தூய்மை என்பது பிறக்கும்போதே வாய்க்கும் குணமா, பக்குவத்தால் அடையும் நிலையா?

தமிழ் வாழ்க்கை இரண்டு பதிலையும் ஒருசேர வைத்துக்கொண்டிருந்தது. மார்கழி விடியலில் சாணம் தெளித்த வாசலில் கோலம்; சாணத்தைப் பிடித்து அருகம்புல் செருகினால் பிள்ளையார்; சுட்டு நீறாக்கினால் நெற்றியில் திருநீறு. ஏர் உழுவதைவிட எரு இடுவது நன்று என்று வள்ளுவரும் சொல்லிவிட்டார். ஆனால் அந்த எருவைக் கூடையில் சுமந்து வயலுக்குக் கொண்டுபோன கைகளைத் தீண்டத்தகாதவை என்றார்கள். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் எதிர்த்துப் பேசிய கூலியாளுக்குச் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. 1940-களில் விவசாயிகள் சங்கத் தலைவர் பி. சீனிவாசராவ் முன்னின்று நடத்திய போராட்டம் இவ்விரண்டையும் ஒழிக்கக் கோரியும் எழுந்தது. பூசையறையில் தெய்வமான அதே பொருள் பண்ணையில் ஒரு மனிதனை இழிவுபடுத்தும் கருவியானது. சாணத்தின் குணம் இதை முடிவுசெய்யவில்லை, அதிகாரம் முடிவுசெய்தது.

மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் எழுதிய நூலில், இருக்க வேண்டிய இடம் மாறிக் கிடக்கும் பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்று வாதிட்டார். பெரிய திறப்புதான். ஆனால் அது பாதி வழிதான் வருகிறது. எருக்குழியில் இடம் மாறவில்லை, பொருளே மாறிவிட்டது. மாற்றியது காலமும் சூடும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்.

இதற்கு நெருக்கமான சிந்தனை சைவ சித்தாந்தத்தில் உண்டு. உயிரை ஆணவ மலம் அனாதியாகப் பற்றியிருக்கிறது என்று அது சொல்கிறது. அந்த மலத்தைத் தூக்கியெறிய முடியாது. அது பக்குவப்பட வேண்டும். மலபரிபாகம் என்று இதைச் சொல்வார்கள். பக்குவம் வந்தபோது அதன் வலிமை அடங்குகிறது, அருள் பதிகிறது. எந்தக் குலத்து உயிர் என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை. பதினான்காம் நூற்றாண்டின் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியார் தில்லை தீட்சிதர் குலத்தவர். மறைஞான சம்பந்தரைக் குருவாக ஏற்றதற்காகத் தம்மவரால் விலக்கப்பட்டவர் என்பது மரபு. மடத்துக்கு விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பானுக்கு அவர் முத்தி அளித்தார் என்றும், அதை நம்பாதவர்களுக்காக ஒரு முள்ளிச் செடிக்கும் அளித்துக் காட்டினார் என்றும் கதை சொல்கிறது. நடந்ததா என்பதை விடுங்கள். ஒடுக்கப்பட்ட குலத்து மனிதரையும் ஒரு முட்செடியையும் தில்லை தீட்சிதரையும் ஒரே பக்குவக் கணக்கில் நிறுத்தத் துணிந்த மரபு அது. அந்தத் துணிவு மடத்தைத் தாண்டி ஊருக்குள் இறங்கவில்லை என்பதே வருத்தம்.

எருவையும் கழிவையும் இழிவாகப் பார்க்காதவர்கள் பின்னாளிலும் இருந்தார்கள். இந்தோரில் 1920-களில் மக்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்த வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட், இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்கள் என்றே சொன்னார். கழிவோடு பழகுவதைக் காந்தி சமயக் கடமையாகவே பார்த்தார்: 1901 கல்கத்தா காங்கிரசில் கக்கூசைத் தாமே சுத்தம் செய்தார், பின்னாளில் ஆசிரமவாசிகள் எல்லோருக்கும் அந்த வேலையைப் பங்கிட்டார். கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு 2013-இல் கடுமையான தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகும் கழிவுநீர்க் குழியில் இறங்கி மனிதர்கள் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பது ஊரறிந்தது.

இன்று சென்னையிலும் கோவையிலும் மொட்டை மாடிகளில் தக்காளியும் வெண்டையும் காய்க்கின்றன. முன்பு சாணத்தைத் தொடாத வீடுகளிலும் எருவைக் கையால் பிசைந்து கலக்கிறார்கள், விரலால் கிளறி ஈரம் பார்க்கிறார்கள். நல்ல மாற்றம் இது. பிறவித் தூய்மை என்ற நம்பிக்கைக்கு அந்தக் கையில் இனி இடமில்லை. ஆனால் எரு மூட்டையைச் சுமந்து வருகிறவருக்குப் பல அடுக்ககங்களில் இன்றும் வேலையாட்களுக்கான தனி லிஃப்ட்தான். வீட்டில் தண்ணீர் கொடுத்தால் அதற்கொரு தனி டம்ளர். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுப்ப வேண்டிய பேச்சு அந்த லிஃப்டைப் பற்றியதுதான்.